சைவச் சாப்பாடு பற்றி ஒரு கட்டுரை!
நாலு கேள்வியில் திருத்துவது எப்படி?

"பள்ளிக்கூடங்களில் சைவ உணவு."

இது ஒரு கட்டுரைத் தலைப்பு. வாத்தியார் தலைப்பைக் கொடுத்து, "நாளைக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்கிறார். பிள்ளை வீட்டுக்கு வந்து நோட்டைத் திறக்கிறது. பேனாவைக் கடிக்கிறது. பிறகு மடமடவென்று எழுதி முடித்துவிடுகிறது.

எழுதியதை யார் பார்ப்பது? அப்பாவுக்கு வேலை. அம்மாவுக்கு அடுப்படி. "நான் அவ்வளவு படிக்கவில்லையே, கட்டுரையை எப்படித் திருத்துவேன்?" என்று தாய்மார்கள் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

ஒதுங்க வேண்டாம். இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்தான் கட்டுரையைத் திருத்த வேண்டும் என்பது இல்லை. நாலு கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

அதை இங்கே செய்து பார்ப்போம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதுவதுபோல ஒரு பத்தியைத் தருகிறோம். இது எந்தப் பிள்ளையின் நோட்டிலிருந்தும் எடுத்தது அல்ல. மாதிரிக்காக நாமே எழுதியது. படியுங்கள்:

"பள்ளிக்கூடங்களில் சைவ உணவு மட்டுமே கொடுக்க வேண்டும். சைவ உணவே உலகில் சிறந்தது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நோய் வரும். அவர்களுக்குக் கோபமும் அதிகம். மாமிசத்தால் பூமி சூடாகிறது. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் மாமிசத்தை நிறுத்திவிட்டார்கள். ஆகவே எல்லோரும் சைவத்துக்கு மாற வேண்டும். அப்போதுதான் நாடு முன்னேறும்."

எட்டு வாக்கியங்கள். எழுத்துப் பிழை இல்லை. வாக்கியங்களும் முழுதாக இருக்கின்றன. "நன்று" என்று எழுதிச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் இதை ஒரு குறிப்பிட்ட ஊரில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

கோவளத்தில் படித்தால்?

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டைத் தாண்டினால் கோவளம் வரும். செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடலோர ஊர். கார்மேல் அன்னை மாதா கோவிலும் தமீம் அன்சாரி தர்காவும் இருக்கின்றன. அலையில் பலகை வைத்துச் சறுக்கி விளையாட இப்போது வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். ஆனாலும் ஊரின் பழைய தொழில் மீன்பிடிப்பு.

விடியுமுன்னே படகு கடலுக்குப் போகிறது. வலையில் பட்டது கரைக்கு வருகிறது. பெண்கள் அதைக் கூடையில் வாங்கிக்கொண்டு விற்கப் போகிறார்கள். மீன் விற்ற காசில்தான் அரிசி. அதே காசில்தான் பிள்ளைக்கு நோட்டும் பேனாவும்.

இப்படிப்பட்ட ஊரில், வகுப்பில் எழுந்து நின்று ஒரு மாணவி இந்தப் பத்தியை உரக்கப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நோய் வரும். கோபமும் அதிகம்." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியின் அப்பா மீனவர். முதல்நாள் இரவு அவள் வீட்டில் நெத்திலிக் குழம்பு. அந்தத் தோழி என்ன செய்வாள்? தலையைக் குனிந்துகொள்வாள். பதில் சொல்ல அவளுக்கு வார்த்தை வராது.

எழுதியவள் பொல்லாத பெண்ணா? இல்லை. யாரையும் நோகடிக்க அவள் நினைக்கவில்லை. எங்கேயோ கேட்டதை யோசிக்காமல் எழுதிவிட்டாள். அவளை யோசிக்கவைக்க வேண்டும். அதற்குத்தான் நாலு கேள்விகள்.

முதல் கேள்வி: எந்தச் சாப்பாடு?

"எந்தப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டைச் சொல்கிறாய், கண்ணு?" என்று அம்மா கேட்க வேண்டும்.

மாணவியின் பத்தியில் "பள்ளிக்கூடங்கள்" என்று இருக்கிறது. எந்த நாட்டுப் பள்ளி? தட்டில் என்ன இருக்கிறது? ஒன்றும் தெரியவில்லை. நம்முடைய தட்டை முதலில் பார்ப்போம். அதற்கு நூறு வருஷத்துக் கதை உண்டு.

1920-ல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தார். ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுக்க அப்போது தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் ஆகக்கூடாது என்பது கணக்கு.

1956-ல், முதல்-மந்திரி காமராஜர் காலத்தில், பகல் உணவுத் திட்டம் மாநிலப் பள்ளிகளுக்கு வந்தது. பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்வித் துறைக்கு இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இந்தத் திட்டத்துக்காகப் பாடுபட்டார். ஊர்மக்களும் கைகொடுத்தார்கள்.

1982 ஜூலை 1-ந் தேதி, முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் கிராமத்துச் சிறு பிள்ளைகளுக்கு, பிறகு நகரங்களுக்கு, 1984-ல் 15 வயது வரையிலான மாணவர்களுக்கு என்று அது வளர்ந்தது.

தட்டில் முட்டை எப்போது வந்தது? 1989-ல், முதல்-மந்திரி கருணாநிதி ஆட்சியில். அப்போது 15 நாளைக்கு ஒரு முட்டை. 1998-ல் வாரத்துக்கு ஒன்று. 2006-ல் இரண்டு. 2007-ல் மூன்று. 2010-ல் வாரத்துக்கு ஐந்து. அதாவது பள்ளிக்கூடம் நடக்கும் நாளெல்லாம் ஒரு முட்டை! முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் என்றும் ஏற்பாடு ஆயிற்று.

முதல்-மந்திரி ஜெயலலிதா காலத்தில், 2013-ல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, சாப்பாட்டில் பல வகைகள் சேர்ந்தன. காய்கறி பிரியாணி, கொண்டைக்கடலை புலாவ், தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம் என்று முறை வைத்தார்கள். வேகவைத்த முட்டையோடு மிளகு முட்டை, மசாலா முட்டையும் வந்தன.

2022 செப்டம்பர் 15-ந் தேதி முதல்-மந்திரி மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். முட்டையே கிடையாது.

இப்போது கணக்குப் பாருங்கள். நம்முடைய சத்துணவில் ஆட்டுக்கறி உண்டா? இல்லை. கோழிக்கறி உண்டா? இல்லை. கடலோரக் கோவளத்தில்கூடச் சத்துணவில் மீன் உண்டா? இல்லை. சோறு, பருப்பு, காய், கீரை, பயறு, அதோடு ஒரு முட்டை. அவ்வளவுதான்.

ஆக, நம்முடைய பள்ளிக்கூடத்தில் சைவமா, அசைவமா என்ற வழக்கு முழுவதும் அந்த ஒரு முட்டையைப் பற்றியதுதான். மாணவியின் பத்தியிலோ "முட்டை" என்ற சொல்லே இல்லை! சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, இல்லாத மாமிசத்தோடு சண்டை போட்டிருக்கிறாள்.

இரண்டாம் கேள்வி: உனக்கு எப்படித் தெரியும்?

"அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் மாமிசத்தை நிறுத்திவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறாள். எப்படித் தெரியும்? யாரோ சொன்னார்கள்.

உண்மை என்ன? நியூயார்க் நகரத்தின் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும், 2019-ல் தொடங்கிய கல்வி ஆண்டிலிருந்து, திங்கட்கிழமைகளில் மாமிசம் இல்லாத உணவு என்று கொண்டுவந்தார்கள். அது ஒரு நகரம். வாரத்தில் ஒரு நாள். பிரான்சு நாட்டில் 2018-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி 2019 நவம்பரிலிருந்து பள்ளிச் சாப்பாட்டில் வாரம் ஒரு முறையாவது மாமிசமும் மீனும் இல்லாத உணவு கொடுக்க வேண்டும். அதுவும் வாரத்தில் ஒரு நாள்தான்.

அந்த நாடுகளில் பிள்ளைகள் தினமும் மாமிசம் சாப்பிட்டுப் பழகியவர்கள். ஒரு நாளாவது குறைக்கட்டும் என்று அங்கே நினைக்கிறார்கள். நம்முடைய சத்துணவில் குறைப்பதற்கு மாமிசமே இல்லை. அந்த ஊர் மருந்தை இந்த ஊர் நோயாளிக்குக் கொடுக்கலாமா?

"மாமிசத்தால் பூமி சூடாகிறது" என்பதில் உண்மை உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் 2013-ல் ஒரு கணக்குச் சொன்னது. மனிதர்களால் காற்றில் சேரும் வெப்ப வாயுக்களில் 14.5 சதவிகிதம் கால்நடை வளர்ப்பினால் வருகிறது என்றது. அதில் பெரும்பங்கு மாட்டினத்துடையது. பால்மாடும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்! பாலும் தயிரும் சைவம் என்று நினைத்து எழுதும் பிள்ளை இதை யோசிக்க வேண்டும். ஒரு பிள்ளையின் தட்டில் உள்ள முட்டையும் இந்தக் கணக்கில் உண்டு, ஆனால் அதன் பங்கு சிறியது.

"அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நோய் வரும்" என்பது? 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்று என்று அறிவித்தது. உப்புப் போட்டும் புகையூட்டியும் பக்குவம் செய்து, நெடுநாள் வைத்திருந்து விற்கும் இறைச்சி வகைகள் அவை. அந்தச் செய்தியை நெத்திலிக் குழம்பின் தலையிலோ அவித்த முட்டையின் தலையிலோ கட்டக்கூடாது. முள்ளோடு சாப்பிடும் சிறு மீன் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் கொடுக்கிறது.

"கோபம் அதிகம்" என்பதற்கு என்ன ஆதாரம்? ஒன்றும் இல்லை. அந்த வாக்கியத்தை அடித்துவிட வேண்டியதுதான்.

மூன்றாம் கேள்வி: யாரைப் பற்றி எழுதுகிறாய்?

"எல்லோரும் சைவத்துக்கு மாற வேண்டும்" என்கிறாள். அந்த "எல்லோரும்" யார்?

2014-ல் மத்திய அரசாங்கம் நடத்திய மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் சைவ உணவுக்காரர்கள் 100-க்கு 3 பேர்கூட இல்லை. அப்படியானால் "அசைவம் சாப்பிடுகிறவர்கள்" என்று அவள் தூர நின்று சொன்னது யாரை? வகுப்பில் பக்கத்தில் இருப்பவளை. சோறு பொங்கிப் போடும் சத்துணவு அம்மாவை. ஒருவேளை பாடம் நடத்தும் வாத்தியாரையும்!

ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் எதிரே உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை நோட்டில் எழுதக்கூடாது.

இது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். 100-க்கு 3 பேர்கூட இல்லை என்றால், சைவப் பிள்ளை வகுப்பில் ஒருத்தியாக இருப்பாள். தட்டில் முட்டை இல்லாததைப் பார்த்து அவளை மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால், அதுவும் தவறுதான். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து ஒரு பிள்ளையை உயர்த்தவும் கூடாது, தாழ்த்தவும் கூடாது.

நாலாம் கேள்வி: உனக்கு உண்மையில் என்ன வேண்டும்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். அம்மாவும் மகளும் இப்படிப் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"உனக்குச் சைவம் ஏன் பிடிக்கிறது?"

"ஆட்டை வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது, அம்மா."

"அதை ஏன் நீ எழுதவில்லை?"

பிள்ளை விழிக்கிறாள். ஆமாம், எழுதவில்லை! எட்டு வாக்கியத்தில் எட்டுக் காரணம் தேடியவள், தன் நெஞ்சில் இருந்த ஒரே காரணத்தை விட்டுவிட்டாள்.

உயிர்களிடம் இரக்கம் என்பது நம் நாட்டில் பெரியவர்கள் சொன்ன காரணம். வள்ளலார் இராமலிங்க அடிகள் புலால் வேண்டாம் என்றார். அவரே 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசி என்று வந்தவருக்கு அங்கே சாதி, மதம் பார்க்காமல் சோறு போட்டார்கள். அதைவிட நல்ல சாட்சி ஒரு சைவக் கட்டுரைக்கு எங்கே கிடைக்கும்?

அடுத்து: "முட்டையை நிறுத்தினால் உன் தோழிக்கு என்ன ஆகும்?"

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பி12 என்னும் வைட்டமினும் இருக்கிறது. செடிகொடியில் விளையும் உணவில் அது இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் உண்டு. 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு மதிய உணவில் 20 கிராம் புரதம் இருக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. அதில் முட்டையின் பங்கு மட்டும் 6 கிராம். வீட்டில் தினமும் பாலும் பருப்பும் கிடைக்கும் பிள்ளைக்கு அந்த முட்டை இல்லாமல் போனாலும் ஈடுகட்டலாம். கடலில் மீன் படாத நாளில் வெறும் ரசஞ்சோறு சாப்பிடும் பிள்ளைக்கு?

"அப்படியானால் முட்டை சாப்பிடாத எனக்கு?" என்று மகள் கேட்கலாம். நல்ல கேள்வி!

முட்டைக்குப் பதில் வாழைப்பழம். பழம் நல்லதுதான். ஆனால் 100 கிராம் வாழைப்பழத்தில் புரதம் சுமார் ஒரு கிராம். முட்டையில் 6, பழத்தில் 1. மீதி 5 கிராமுக்கு எங்கே போவது? வழி இருக்கிறது. 30 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. ஊறவைத்து அவித்தால் ஒரு கைப்பிடிச் சுண்டல். பி12-க்கு வீட்டில் பாலோ மோரோ சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது மகளுக்குச் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. பேனாவை எடுக்கட்டும்.

திருந்திய பத்தி

"நான் உயிர்களிடம் உள்ள இரக்கத்தால் சைவ உணவு சாப்பிடுகிறேன். எங்கள் ஊரில் மீன்பிடித்துப் பிழைப்பவர்கள் பலர். என் தோழிகள் மீனும் முட்டையும் சாப்பிடுகிறார்கள். எங்கள் சத்துணவில் மாமிசமும் மீனும் இல்லை. முட்டை மட்டும் உண்டு. அதில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அது என் தோழிகளுக்குத் தொடர்ந்து கிடைக்க வேண்டும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் என்று ஏற்பாடு உண்டு. அதில் புரதம் சுமார் ஒரு கிராம்தான். ஆகவே பழத்தோடு ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டலும் கொடுக்கலாம். கூடுதல் செலவு ஆகும் என்று சிலர் சொல்லலாம். ஆனால் சத்துணவுக் கூடத்தில் புலாவுக்காகக் கொண்டைக்கடலை முன்பே வாங்குகிறார்கள். கேட்பவர்களும் சிலர்தான். யார் எதைச் சாப்பிட்டாலும் எல்லோருக்கும் சத்து சமமாகக் கிடைக்க வேண்டும்."

இந்தப் பத்தியை முதல் பத்தியோடு வைத்துப் பாருங்கள். மாணவி தன் கொள்கையை விட்டுவிட்டாளா? இல்லை. முதல் வாக்கியத்திலேயே அதைத் தைரியமாகச் சொல்லிவிட்டாள். அமெரிக்கா போய்விட்டது, கோவளம் வந்துவிட்டது. பூமியும் நாடும் போய்விட்டன. ஒரு கைப்பிடிச் சுண்டல் வந்துவிட்டது. முதல் பத்தியைப் படித்து யாரும் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதைப் படித்தால், தலைமை ஆசிரியர் நினைத்தால் ஒரு மனுவே எழுதலாம்.

இந்தப் பத்தியை அவள் கோவளத்துப் பள்ளியில் எழுந்து நின்று படிக்கட்டும். பக்கத்துத் தோழி தலை குனியமாட்டாள். "இவள் எனக்காகவும் எழுதியிருக்கிறாளே" என்று நிமிர்ந்து பார்ப்பாள்.

வீட்டில் செய்யுங்கள்

சைவம் வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்று எழுதும் பிள்ளைக்கும் இதே நாலு கேள்விகள்தான். "சைவப் பிள்ளைகள் சோனிகள்" என்று ஒருவன் எழுதினால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அவனும் அடித்துத் திருத்துவான்.

தாய்மார்களுக்கு ஒரு யோசனை. பிள்ளை கட்டுரை எழுதியதும், "எனக்குப் படித்துக் காட்டு" என்று சொல்லுங்கள். நீங்கள் காய் நறுக்கிக்கொண்டே கேட்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் நோட்டைக் கையில் வாங்கியும் பார்க்கலாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, கேள்விகளைக் கேளுங்கள். எதைச் சொல்கிறாய்? எப்படித் தெரியும்? யாரைப் பற்றி? உனக்கு என்ன வேண்டும்?

பதில் வராத வாக்கியத்தைப் பிள்ளையே அடிக்கட்டும். நீங்கள் அடிக்காதீர்கள். கேட்பது உங்கள் வேலை. திருத்துவது பிள்ளையின் வேலை.

ஒரு பத்திக்கு அரைமணி நேரம் ஆகும். ஆகட்டும். இன்று நோட்டில் ஆதாரம் இல்லாத பேச்சை அடிக்கப் பழகிய பிள்ளை, நாளை பெரியவளான பிறகு, ஆதாரம் இல்லாத பேச்சைக் கேட்டு யாரையும் தாழ்வாக நினைக்கமாட்டாள்.